கிழமை பார்த்துப் போகவேண்டிய ஊர்

ஈரோடு நம்மில் பலருக்கு ஒரு ரயில் நிலையம்தான். கோவைக்கும் கேரளத்துக்கும் போகிற வண்டி அகால வேளையில் வந்து நிற்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து, பிளாட்பாரத்தில் சூடாக ஆவின் பால் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். இறங்கி ஊருக்குள் போகத் தோன்றாது. கொடிவேரி, பண்ணாரி என்று சுற்றுலா போகிறவர்களும் ஈரோட்டைத் தாண்டித்தான் போகிறார்களே தவிர, ஈரோட்டுக்கு வருவதில்லை. 'எங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?' என்று ஈரோட்டுக்காரர்களே கேட்பார்கள்.

நானும் கணவரும் அங்கே போய்த் தங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. எனக்குத் துணி. இவருக்குத் தண்ணீர். இவர் கும்பகோணத்துக்காரர். 'மேட்டூர் திறந்தாச்சா?' என்ற கேள்வியோடு விடிகிற வீட்டில் வளர்ந்தவர். மேட்டூரில் திறந்த தண்ணீர் தங்கள் ஊருக்கு வந்து சேரும் வழியில் யார் யாரைப் பார்த்துவிட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பார். துணிக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஊர் என்றால் ஈரோடுதான்.

இந்த ஊருக்குப் போகிறவர்கள் வரைபடத்துக்கு முன்னால் காலண்டரைப் பார்க்கவேண்டும். ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் கூடி செவ்வாய் வரை நடக்கும். மாட்டுச்சந்தை புதன் மாலை தொடங்கி வியாழனன்று உச்சத்துக்கு வரும். மஞ்சள் ஏலம் விடுமுறை இல்லாத நாட்களில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் பூட்டிய கடைகளைத்தான் பார்க்கலாம். ஆகவே திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புவது என்று முடிவு செய்தோம். மாதம் மாசி. வெயில் இன்னும் முற்றவில்லை, புது மஞ்சள் வரத்து தொடங்கியிருக்கும்.

பன்னீர்செல்வம் பார்க் பக்கம் அறை எடுத்துக்கொண்டால் எல்லாமே நடை தூரம். அன்று இருட்டியதும் கனி மார்க்கெட்டுக்குப் போனோம். முழுப்பெயர் அப்துல் கனி ஜவுளிச் சந்தை. மாநகராட்சி கட்டிய புது வணிக வளாகம் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்க, வாரச்சந்தை வியாபாரம் வழக்கம்போலத் தரையில் விரித்த தார்ப்பாயிலும் மூட்டைகள் மேலும் நடந்துகொண்டிருந்தது. லுங்கி, துண்டு, நைட்டி, பெட்ஷீட், குழந்தைகள் ஜட்டி, தலையணை உறை. அலங்காரம் ஒன்றும் கிடையாது. பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்துகிற வேலையெல்லாம் சில்லறைக் கடைக்காரர்களுக்கு. இங்கே வாங்க வந்தவர்களும் வியாபாரிகளே. மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் காதில் விழுந்தது. விலை பேசுகிற இடம் வரும்போது மட்டும் எல்லோரும் ஒரு மாதிரித் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு பெரியவர் துண்டு எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மடிப்பைப் பிரிக்கவே இல்லை. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கஞ்சி எவ்வளவு, நூல் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு முனையில் நூலிழை ஒன்றை உருவி, சுண்டி அறுத்துப் பார்த்தார். கடைசியாக விளக்குக்கு நேரே பிடித்து நெசவின் நெருக்கத்தைக் கண்ணால் அளந்தார். எல்லாம் அரை நிமிடம். 'நாப்பது டஜன் போடு' என்றார். நான் அதே துண்டில் ஒன்று கேட்டேன். 'சில்லறைக்கு வராதுங்க்கா. டஜனா எடுத்துக்கோங்க, பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கலாமுங்க' என்றான் பையன். 'நமக்கெதுக்கு டஜன் துண்டு?' என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் கட்டிக் கொடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஊருக்குள். பெரியார்–அண்ணா நினைவகம் ஒரு வசதியான வியாபாரியின் வீடு. 1879இல் பிறந்த ஈ.வெ.ரா. தத்துவவாதியாக வளர்வதற்கு முன்னால் தந்தையின் மண்டியில் கணக்குப் பார்த்த பிள்ளை. நகரசபைத் தலைவராக இருந்து குடிநீருக்கும் சாலைக்கும் பாடுபட்டவர். பிறகுதான் காங்கிரஸ், வைக்கம், சுயமரியாதை எல்லாம். 'குடிஅரசு' ஏட்டை 1925 மே மாதம் தொடங்கியது இந்த ஊரிலிருந்துதான். அண்ணா 'விடுதலை'யில் வேலை பார்த்த காலத்தில் தங்கியிருந்ததால் வீட்டின் பெயரில் அவரும் சேர்ந்திருக்கிறார்.

கணவனும் மனைவியுமாகப் போனதாலோ என்னவோ, நான் அந்த வீட்டில் தேடியது பெரியாரின் மனைவி நாகம்மையாரை. 1921இல் கள்ளுக்கடை மறியலில் அவரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டுத் தெருவில் நின்றார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் வாசற்படி தாண்டினாலே ஊர் பேசிய காலம் அது. 1924இல் பெரியார் வைக்கத்தில் சிறைப்பட்டபோது நாகம்மையாரும் அங்கே போய்ப் போராட்டத்தில் நின்றார். 1933இல் அவர் மறைந்தார். மண்டி வீட்டு மருமகளாக வந்தவர், வீட்டுக்கு வருகிற கூட்டத்துக்கெல்லாம் சமைத்துப் போட்டுக்கொண்டே இதையும் செய்திருக்கிறார். நினைவகத்தில் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அவர் படத்தின் முன்னால் இன்னும் ஒரு நிமிடம் நிற்கலாம்.

இவருக்கு அன்று வேறு ஒரு வழக்கு இருந்தது. 'ராமானுஜன் எங்க ஊர்க்காரர்' என்று ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார். 'அதெப்படிங்க? பொறந்தது இங்கதானுங்களே' என்றார் அவர். இருவர் சொன்னதும் சரி. கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தாத்தாவுக்கு இங்கே முன்சீப் கோர்ட்டில் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த கோமளத்தம்மாள் பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது கும்பகோணம் திரும்பிவிட்டார். பிறந்த பெருமை ஈரோட்டுக்கு, படித்த பெருமை கும்பகோணத்துக்கு என்று ஆட்டோவிலேயே சமரசம் ஆயிற்று.

பாரதிக்கும் இந்த ஊரோடு ஒரு கணக்கு உண்டு. 1921இல் கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு வந்து, 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற தலைப்பில் பேசினார். சென்னை திரும்பியதும் இந்தப் பயணத்தைப் பற்றி 'சுதேசமித்திர'னில் கட்டுரையும் எழுதினார். ஈரோட்டைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுத உட்காருகிற எவருக்கும் அந்த நினைப்பே கை நடுக்கம் தரும். சில வாரங்களிலேயே பாரதி மறைந்துவிட்டார்.

ரயில் நிலையத்துக்கும் பன்னீர்செல்வம் பார்க்குக்கும் இடையில் போகும்போது பிரப் தேவாலயத்தைப் பார்க்கத் தவறக்கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இந்தப் பகுதியில் பல்லாண்டு பணி செய்த ஆன்டனி வாட்சன் பிரப் பாதிரியாரின் முயற்சியில் எழுந்து, 1933இல் முடிந்த கட்டடம். கோபுரத்தின் சாயலும் மசூதியின் சாயலும் சேர்ந்த ஒரு கிறித்தவ ஆலயம். வெளியே பஸ் ஹாரன் ஓயாது. உள்ளே நுழைந்தால் ஒரு குளிர்ச்சி.

வ.உ.சி. பூங்காவில் உள்ள அரசு அருங்காட்சியகம் சிறியதுதான். ஆனால் அது கொடுமணலை நினைவூட்டும். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தில் 1980களிலிருந்து பல கட்டமாக அகழாய்வு நடந்திருக்கிறது. பதிற்றுப்பத்து பேசுகிற கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இரும்பை உருக்கிய உலைகள், கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகள், பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கீறிய பெயர்கள். அரண்மனையும் கோட்டையும் தேடினால் ஏமாற்றம்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலும் இந்தச் சீமையில் பார்க்கக் கிடைத்தது பட்டறைதான் போலிருக்கிறது. அதை யோசித்த பிறகு, இன்றைய ஈரோட்டைப் பார்க்கிற கண் கொஞ்சம் மாறியது.

புதன்கிழமை காலை மஞ்சளுக்கு. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ரொம்ப நாள் முன்பே ஊருக்கு 'மஞ்சள் மாநகரம்' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. ஈரோட்டிலும் கோபியிலும் கூட்டுறவுச் சங்கங்களில் ஏலம் நடக்கிறது. நாங்கள் போனது பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு. உள்ளே போவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். சமையலறையில் டப்பாவைத் திறக்கும்போது வருகிற வாசனையே வேறு. இது மண்ணும் வெயிலும் கலந்த காட்டம். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

விரலி தனி, கிழங்கு தனி என்று விவசாயிகள் கொண்டுவந்த சரக்கு வரிசையாக இருந்தது. வியாபாரி ஒவ்வொரு குவியலாகப் போகிறார். ஒரு விரலியை எடுத்து இரண்டு கையாலும் ஒடிக்கிறார். நன்றாகக் காய்ந்ததென்றால் 'டக்'கென்று உலோகம்போல ஓசை வரும். ஈரம் இருந்தால் சத்தமில்லாமல் வளைந்து பிய்யும். ஒடிந்த முகத்தில் நிறம் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். சினிமாவில் வருகிற மாதிரி 'ஒரு தரம், ரெண்டு தரம்' கூச்சல் கிடையாது. மனதில் தோன்றிய விலையைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யார் அதிகம் எழுதினார்களோ அவருக்குச் சரக்கு. விவசாயிக்கு விலை பிடிக்கவில்லையென்றால் கொடுக்கமாட்டார்.

தலையில் துண்டு கட்டிய ஒரு விவசாயி தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நட்டதிலிருந்து வெட்டி எடுக்க ஒன்பது பத்து மாதம், அப்புறம் வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்றார். விலை இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டார். 'குடோன்ல போட்டு வெச்சுட்டுப் போயிருவனுங்க. மஞ்ச கெடாதுங்க. நாமதான் அதுவரைக்கும் தாங்கோணும்' என்றார். நெல்லை அறுத்த கையோடு விற்றுத்தீர வேண்டிய தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரருக்கு அந்தப் பதில் வெகுநேரம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ். அரிசி பருப்பு சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒன்றாக வெந்து, மேலே நெய். கொங்கு வீடுகளில் அவசரத்துக்குச் செய்வது, அதனாலேயே பல ஹோட்டல்களில் இருக்காது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காவிரிக்கு அக்கரையில் இருக்கிற பள்ளிபாளையத்தின் பெயர் தாங்கிய சிக்கன்: வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடியை நம்பாத கைப்பக்குவம்.

பிற்பகல் பவானி. ஈரோட்டிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். காவிரியும் பவானியும் கூடுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் அமுதநதியும் வந்து சேர்வதாக ஐதீகம். அதனால் முக்கூடல், ஊர்வழக்கில் கூடுதுறை. சங்கமேஸ்வரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்குக் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804இல் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கனவில் அம்மன் எழுப்பி வெளியே போகச் சொன்னதாகவும், அவர் வெளியேறியதும் படுத்திருந்த அறை இடிந்து விழுந்ததாகவும் கதை. துறையில் அன்று கூட்டமில்லை. திதி கொடுக்க வந்த சில குடும்பங்கள் மட்டும். இவர் படியில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு, 'இதுதான் நாலஞ்சு நாள்ல நம்மூருக்கு வரும்' என்றார்.

எனக்கு வேலை கோயிலுக்கு வெளியே இருந்தது. பவானி ஜமுக்காளம். கல்யாண வீட்டுப் பந்தி, கச்சேரி, கட்சிக் கூட்டம் என்று தமிழ்நாடு உட்கார்ந்து எழுந்த விரிப்பு. தடித்த பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக வரும். இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. நாங்கள் பார்த்தது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கவேண்டும். அகல விரிப்பு என்பதால் ஒரே தறியில் இரண்டு பேர். அந்த வீட்டில் கணவனும் மனைவியும். ஒருவர் தள்ளுகிற நாடாவை மற்றவர் வாங்கி, இழுத்து, திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் தறி நின்றுவிடும். 'சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டேன். அந்த அம்மா நாடாவை நிறுத்தாமலே, 'நெய்யறப்ப பேசாம இருந்துக்குவமுங்க. சாயந்தரம் வெச்சுக்குவோம்' என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. அன்று ஏதோ நடந்திருக்க வேண்டும்.

வெளியூர் விசைத்தறியில் வேகமாக ஓட்டி, இதே பெயரில் குறைந்த விலைக்கு விற்கிற சரக்கு வந்த பிறகு கைத்தறி ஜமுக்காளம் மெலிந்துவிட்டது. இவர்களுடைய பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டான். பெரும்பாலான தறிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் வயதானவர்கள். விசைத்தறி விரிப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்து எடை பார்த்தால் கைக்கே தெரிகிறது. திங்கட்கிழமை இரவு பாலக்காட்டுப் பெரியவரிடம் கற்றதை இங்கே பயன்படுத்தி ஒன்று வாங்கினேன்.

பவானியை ஒட்டியே காலிங்கராயன்பாளையம். இவர் காத்திருந்தது இதற்காக. பவானி ஆறு காவிரியில் விழுவதற்குச் சற்று முன்னால் ஒரு அணைக்கட்டு. அங்கிருந்து பிரிகிறது காலிங்கராயன் வாய்க்கால். பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொங்கில் அதிகாரியாக இருந்த காலிங்கராயன் 1283இல் முடித்ததாகச் சொல்லப்படுகிற வேலை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் நொய்யலோடு சேர்கிறது. பதினைந்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். வாய்க்கால் நேராகப் போகாது. வளைந்து வளைந்து போகும். பாம்பு வழிகாட்டியது என்று கதை சொல்வார்கள். இவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, 'பாம்பும் இல்லை ஒண்ணும் இல்லை. நேரா வெட்டினா பள்ளத்துல விழுந்து ஆத்துக்கே போயிடும். மேட்டை ஒட்டியே வளைச்சுக் கொண்டுபோனாத்தான் வாய்க்கால் வயலுக்கு மேல நிக்கும். கல்லணை தண்ணியைப் பங்கு போடும். இது கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகுது' என்றார். சொந்த வயலுக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரை அனுபவிப்பதில்லை என காலிங்கராயன் சத்தியம் செய்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். தை 5ஆம் தேதியைக் காலிங்கராயன் தினம் என்று விவசாயிகள் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு வாய்க்காலுக்கு விழா எடுக்கிற ஊர் இது.

அதே வாய்க்கால் ஈரோட்டைத் தாண்டும்போது வேறு முகம் காட்டுகிறது. சாயப்பட்டறையும் தோல் தொழிற்சாலையும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து அதைக் கெடுத்த கதை விவசாயிகளைக் கேட்டால் விடியவிடியச் சொல்வார்கள். கழிவு கலக்காமல் தனியாகப் போவதற்கென்று அதன் ஓரமாகவே இன்னொரு சின்ன வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். பேபி வாய்க்கால் என்பது ஊர்ப்பேச்சு. ஒன்று எழுநூறு ஆண்டுக்கு முன்னால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியது, மற்றது நம் காலத்தில் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றக் கட்டியது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். எனக்குப் பிடித்த துணியும் இவருக்குப் பிடித்த தண்ணீரும் இங்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. டஜன் துண்டு அவ்வளவு மலிவாகக் கிடைத்ததன் பாக்கிக் கணக்கு இந்த வாய்க்காலில் எழுதப்படுகிறது என்று தோன்றியது. சாயக்கழிவைச் சுத்திகரிக்கச் செலவாகும். அந்தச் செலவைத் துணியின் விலையில் ஏற்றினால் நாம் வாங்கமாட்டோம். இவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு பொழுது மிச்சம் இருப்பவர்கள் வெள்ளோட்டுக்குப் போய் வரலாம். ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் உள்ள ஏரி, பறவைகள் சரணாலயம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலை அல்லது சாயங்காலம் போகவேண்டும்.

வியாழக்கிழமை விடிவதற்குள் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பாரதி பேசிய அதே கருங்கல்பாளையம். ஜெர்சி, சிந்து, முர்ரா எருமை, கன்றுகள். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரிகள். கயிறு, சலங்கை விற்கிறவர்கள், டீ விற்கிறவர்கள். ஒரு தரகரும் ஒரு வியாபாரியும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். பேச்சே இல்லை. துண்டுக்கு அடியில் விரல்கள் மட்டும் அசைகின்றன: எந்த விரலைப் பிடித்தால் எத்தனை ஆயிரம் என்பது அவர்களுக்குள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒருவர் தலையை ஆட்டுகிறார், மற்றவர் கையை உருவிக்கொள்கிறார், மறுபடி நுழைக்கிறார். சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் விலை தெரியாது. நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த ஒரு பெரியவர் கேட்டார்.

'ஏனுங் அம்மிணி, மாடு வாங்க வந்தீங்களா?'

'இல்லீங்க, சும்மா பாக்க வந்தோம்.'

'மாட்டைப் பாக்கறதுக்கா மெட்ராசுல இருந்து வந்தீங்க?' என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு ஏதோ வேண்டுதல் இருக்கும் என்று நினைத்தவர்போல நகர்ந்துவிட்டார்.

அவர் சந்தேகம் நியாயம்தான். சுற்றுலா ஊர்களில் நம்மைப் பார்த்ததுமே ஒருவர் குடை விற்க வருவார், ஒருவர் போட்டோ எடுக்க வருவார். ஈரோட்டில் யாரும் நமக்காக நிற்பதில்லை. மஞ்சள் ஒடிப்பவரும் நாடா தள்ளுகிறவரும் துண்டுக்குள் விரல் பிடிப்பவரும் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ஓரமாக நிற்பதற்கு இடம் விடுகிறார்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள். எந்த வேலை எந்தக் கிழமை என்று தெரிந்துகொண்டு போனால் இந்த ஊரில் பார்ப்பதற்குக் குறைவே இல்லை. திங்கட்கிழமை போங்கள். சந்தையில் டஜன் கணக்கில் வாங்குகிறவர்கள் பவானிக்கும் போய்க் குழித்தறியில் நெய்தது ஒன்றாவது, அவர்கள் சொல்கிற விலைக்கே வாங்குங்கள். திரும்புவதற்குள் காலிங்கராயன் வாய்க்காலை அணைக்கட்டில் ஒரு தரமும் ஊருக்குக் கீழே ஒரு தரமும் பார்த்துவிடுங்கள். ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஈரோட்டைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.